நாங்க என்று சொன்னவர்

எங்கள் சாச்சிக்கு, அதாவது சித்திக்கு, தமிழ் வசப்பட ஐந்தாறு வருஷம் பிடித்தது. வசப்பட்ட பிறகு அவர் பேசாத பேச்சில்லை. மீன்காரியிடம் பேரம், ரேஷன் கடையில் சண்டை, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் கொஞ்சல் எல்லாம் தமிழில்தான். ஆனாலும் ஒரு சொல்லில் மட்டும் எங்கள் வீட்டாருக்கு அவர்மீது கடைசிவரை மனக்குறை இருந்தது. 'நாம' என்று சொல்ல வேண்டிய இடத்தில் அவர் 'நாங்க' என்பார்.

“நாங்க மீன்சோத்த நொய்யிலதான் ஆக்குவோம்.” “நாங்க பெரியவங்க முன்னாடி கண்ணப் பாத்துப் பேசமாட்டோம், ஆனா பயந்துக்கிட்டு இல்ல.”

அதை மொழிப்பிழை என்றே நினைத்தோம். ஒருநாள் என் அம்மா பக்குவமாக எடுத்துச் சொன்னார். “இங்க பாரு, நீ இந்த வீட்டுக்கு வாழ வந்தவ. இனிமே 'நாம'ன்னு சொல்லிப் பழகு. 'நாங்க'ன்னா நீ வேற, நாங்க வேறன்னு ஆயிடும்.”

சாச்சி பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். “'நாம'ன்னா நீங்களும் சேத்தி. 'நாங்க'ன்னா நீங்க சேத்தி இல்ல. அதானேக்கா?”

“ஆமா.”

“இந்த வீட்டப் பத்திப் பேசறப்ப நான் 'நாம'ன்னுதானே சொல்றேன்?”

அம்மா யோசித்துப் பார்த்தார். சாச்சி அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எங்க ஊரப் பத்தி, எங்க ஜனத்தப் பத்திப் பேசறப்ப 'நாங்க'. எனக்கு ரெண்டும் வேணும்க்கா.”

பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே சொல்தான், அவருடைய தாய்மொழியிலும் அப்படியே என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். “உங்க பாஷைலதான் இதுக்குத் தனித்தனியா இடம் வெச்சிருக்கீங்க. எனக்கு ரொம்பப் புடிச்சது அதுதான்.”

சாச்சா, அதாவது அத்தா என்று நான் கூப்பிடும் என் அப்பாவின் தம்பி, பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். புதுச்சேரியில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். அத்தா பஞ்சாலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் சாச்சா ஆப்பிரிக்காவில், செனகல் நாட்டு டக்கார் நகரத்தில், பிரெஞ்சுப் படை முகாமில் இருந்தார். கல்யாணம் அங்கேயே நடந்துவிட்டது. சர்வீஸ் முடிந்து திரும்பியபோது சாச்சியோடு வந்து, முல்லா வீதிப் பக்கம் எங்கள் வீட்டு மாடியில் குடியேறினார். நான் அப்போது பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தேன்.

வெள்ளைக்கார மனைவியோடு திரும்பிய சொல்தாக்களும் ஊரில் உண்டு. அந்தக் குடும்பங்கள் அதைச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளும். எங்கள் வீட்டுக்கு விருந்தாளி வந்தால், சாச்சி மாடியிலிருந்து இறங்குவதற்குள் அம்மா அவர்களைத் தயார்ப்படுத்திவிடுவார். “நல்ல மனுஷி. அஞ்சு வேளையும் தொழுவா. மத்தவங்க மாதிரியெல்லாம் இல்ல.” விருந்தாளிகளும் சாச்சி கையால் டீ வாங்கிக் குடித்துவிட்டு, போகும்போது அதையே அவரிடம் பாராட்டாகச் சொல்வார்கள். “நீங்க மத்த ஆப்பிரிக்காக்காரங்க மாதிரி இல்லம்மா. நம்மள்ல ஒருத்தர் மாதிரி இருக்கீங்க.”

அந்தப் பாராட்டை சாச்சி ஒருதரம்கூட வாங்கிக்கொண்டதில்லை. கோபமும் படமாட்டார். “யாரு மாதிரி இல்ல?” என்று கேட்பார். “ஒரு பேரு சொல்லுங்களேன்.”

யாரால் சொல்ல முடியும். சொன்னவர் சிரித்து மழுப்புவார். சாச்சியும் சிரிப்பார். “எனக்குத் தெரிஞ்ச பேரு நெறய இருக்கு. எங்க அம்மா, எங்க அக்கா, எங்க தெருவுல தையக்காரி. நான் அவங்க மாதிரிதான்.”

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. எங்கள் வீட்டில் ஒருவரும் அதைச் சரியாக உச்சரித்ததில்லை. அத்தா ஒரு விதமாகச் சொன்னார், அம்மா வேறு விதமாகச் சொன்னார், தெருவில் சொல்தா பொண்டாட்டி என்றார்கள். அவர் ஒவ்வொருவரையும் திருத்திப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார். தப்பான எழுத்துகளில் அதை மறுபடி ஒருதரம் அச்சில் போட எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய அப்பா டக்கார் துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர், சங்கத்துக்காரர். வீட்டுச் சுவரில் சொந்தநாட்டுத் தலைவர் படம் இருந்ததோ இல்லையோ, கானா நாட்டுத் தலைவர் படமும், கொல்லப்பட்ட காங்கோ தலைவரின் படமும் இருந்தனவாம். விடுதலை வந்த நாளில் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கூட்டத்தில் நின்றிருக்கிறார். “கொடி ஏறுறப்ப எங்கப்பா அழுதாரு. சந்தோஷம்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து சொன்னாரு, நாங்க ஒரே ஒரு கொடி கேட்டோம், இவங்க ஆளுக்கொரு கொடி குடுத்து அனுப்பிட்டாங்கன்னு.” நாடுகளுக்கு நடுவே உள்ள கோடுகளை வெள்ளைக்காரன் மேஜைமேல் வைத்துப் போட்டான், அதை எதற்கு நாம் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அந்த மனிதரின் கட்சி. மகளும் அதே கட்சிதான். சாச்சியின் 'நாங்க'வில் செனகல் மட்டும் இல்லை. சூடானும் தான்சானியாவும் உண்டு. கப்பலில் ஏற்றிக் கடலுக்கு அந்தப் பக்கத் தீவுகளில் விற்கப்பட்டவர்களின் பேரன் பேத்திகளும் உண்டு. கடற்கரைச் சாலையில் அந்தத் தீவுகளிலிருந்து வந்த சுற்றுலாக்காரர் யாராவது கறுப்பாகத் தென்பட்டால், எத்தனை கூட்டமானாலும் பிளந்துகொண்டு போய்க் கைகொடுத்துவிட்டு வருவார்.

வைத்திக்குப்பத்தில் மீன் வாங்க என்னைக் கூட்டிப்போவார். அங்கே ஒரு மீன்காரிக்கும் அவருக்கும் நல்ல ஸ்நேகம். அது ஆரம்பித்த விதம் எனக்கு நினைவிருக்கிறது. மீன்காரி அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். “ஏம்மா, நீ எந்த ஊரு கறுப்பு?”

“டக்கார் கறுப்பு. நீ எந்த ஊரு கறுப்பு?”

“நான் இதே ஊரு, வைத்திக்குப்பம்.”

“நல்ல கறுப்பு,” என்றார் சாச்சி. மீன்காரி சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கூடைக்காரிகளும் சிரித்தார்கள். அன்று கொடுவா மீன் மலிவாகக் கிடைத்தது.

என் அக்கா கறுப்பு. எங்கள் வீட்டில் அது ஒரு நோய் மாதிரி பேசப்பட்டது. கடலை மாவு, மஞ்சள், கடைசியில் மருந்துக்கடைக் களிம்பு வரை எல்லாம் பூசிப் பார்த்தார் அம்மா. விழுப்புரத்திலிருந்து ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. மாப்பிள்ளையின் தாயார் சர்பத்தைக் குடித்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி சொன்னார். “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. நிறம்தான் கொஞ்சம் கம்மி.”

அம்மா தலையைக் குனிந்துகொண்டார். அத்தா தொண்டையைச் செருமினார். தட்டை ஏந்திக்கொண்டு நின்ற சாச்சி, சமையல் பாத்திரத்தைப் பற்றிப் பேசுவதுபோல் சாதாரணமாகச் சொன்னார். “நிறம் கம்மி இல்லம்மா. நெறயவே இருக்கு. உங்க புள்ளைக்குத்தான் கம்மி.”

சம்பந்தம் முறிந்தது. அம்மா பல மாதம் சாச்சியோடு பேசவில்லை. ஆனால் அன்று உள்ளறையில் அக்கா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கியதை அழுகை என்று நினைத்து நான் போய்த் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் களிம்பைத் தொடவில்லை. இன்று காரைக்காலில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாக இருக்கிறாள். அவளுடைய பெண்ணும் கறுப்புதான், அது பேச்சாகவே இல்லை.

சாச்சா இறந்த பிறகு சாச்சி டக்காருக்குப் போய்விடுவார் என்று நினைத்தோம். போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் புதுச்சேரிக் கல்லூரிகளில் ஆப்பிரிக்க மாணவர்கள் சேரத் தொடங்கியிருந்தார்கள். எப்படியோ இவரைக் கண்டுபிடித்து வந்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாடியில் நொய்யில் மீன்சோறு. பெரிய தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிடுவார்கள். இதில் ஒரு வேடிக்கை. தான்சானியாப் பையனுக்கு பிரெஞ்சு தெரியாது. சாச்சிக்கு இங்கிலீஷ் வராது. சூடான்காரனின் அரபியும் காங்கோக்காரனின் பாஷையும் மற்றவர்களுக்கு விளங்காது. கடைசியில் அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக மிஞ்சியது தமிழ்தான். ஆப்பிரிக்கா முழுவதும் ஒரே நாடாக ஆகவேண்டுமா, ஆகிவிட்டால் தலைநகரம் எங்கே என்று எங்கள் வீட்டு மாடியில் அரைகுறைத் தமிழில் வாக்குவாதம் நடக்கும். கீழே அம்மா, “மெதுவாப் பேசச் சொல்லுடா, தெருவுல கேக்குது” என்பார்.

நான் அதற்குள் வீட்டு புரோக்கர் ஆகியிருந்தேன். லாஸ்பேட்டைதான் என் ஏரியா. கல்லூரிகள், அரசாங்கக் குடியிருப்புகள் என்று எப்போதும் வீடு மாறிக்கொண்டிருக்கும் ஜனம். வீடு பார்க்கிற தொழிலில் பாதி, யாருக்கு வீடு இல்லை என்று தெரிந்துவைத்திருப்பது. சைவம் மட்டும், குடும்பம் மட்டும், பேங்க்காரர் என்றால் நல்லது. சொல்லாமலே நான் புரிந்துகொள்ள வேண்டிய நிபந்தனைகளும் உண்டு. சில ஓனர்கள் சொல்லியேவிடுவார்கள். “பாய், உங்காளுங்க மட்டும் வேணாம். தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க வேற, உங்களச் சொல்லல. நீங்க அவங்க மாதிரி இல்ல.”

நான் சிரித்துவிட்டு அந்த வீட்டை என் செல்போனில் குறித்துக்கொள்வேன். அப்படித்தான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன். சாச்சி ஒருதரம்கூட வாங்கிக்கொள்ளாத பாராட்டு அது. நான் தினம் வாங்கிக்கொண்டேன்.

ஒருநாள் அவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு முதலியார்பேட்டைப் பக்கம் போனேன். மூடிக்கிடந்த பஞ்சாலையைத் தாண்டும்போது நிறுத்தச் சொன்னார். அத்தா வேலை பார்த்த ஆலை. “எங்க ஊரு வயசானவங்க ஒரு நீலத் துணியப் பத்திச் சொல்வாங்க,” என்றார். “உங்க ஊர்ல நெசவு செஞ்சு, சாயம் போட்டு, கப்பல்ல வரும். அந்தத் துணிய அளந்து குடுத்துட்டு வெள்ளைக்காரங்க எங்ககிட்ட மரக் கோந்து வாங்கினாங்க. அதுக்கு முன்னாடி ஆள வாங்கினாங்க.”

“நெசவு செஞ்சவங்களுக்கு அது எங்க போவுதுன்னே தெரிஞ்சிருக்காது சாச்சி.”

“தெரிஞ்சிருக்காது,” என்று ஒப்புக்கொண்டார். “உங்கள ஏசறதுக்குச் சொல்லல தம்பி. உங்களுக்குத் தெரியணும்னு சொன்னேன். போலாம்.”

சொல்லாமலே விட்டிருக்கலாம் என்று அப்போது எரிச்சல்தான் வந்தது.

அவர் கேட்டுக்கொண்டதால்தான் மூன்று மாணவர்களுக்கு லாஸ்பேட்டையில் வீடு பிடித்துக்கொடுத்தேன். தான்சானியாவின் ஜுமா, காங்கோவின் பாப்டிஸ்ட், சூடானின் ஹாஷிம். ஓனரிடம் வெளிநாட்டு மாணவர்கள் என்று மட்டும் சொன்னேன். நேரில் பார்த்தபோது அவர் முகம் மாறியது. ஆனால் அதற்குள் எழுத்துவேலை முடிந்திருந்தது. மூவரோடும் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஜுமாவுக்கு மூன்று தங்கைகள். பாப்டிஸ்ட் தேவாலயத்தில் பாடுவான். ஹாஷிம் என்னைவிட நல்ல உச்சரிப்பில் குர்ஆன் ஓதுவான்.

சில மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருநாள் சாயங்காலம் அவர்களுடைய எதிர்வீட்டுப் பையன் டியூஷன் விட்டு வீடு திரும்பவில்லை. தேடினார்கள். முந்தின நாள் அந்த ஆப்பிரிக்கர்கள் பையனுக்கு பிஸ்கட் கொடுத்ததை யாரோ பார்த்ததாக யாரோ சொன்னார்கள். அது போதுமாக இருந்தது. ஓனர் எனக்கு போன் செய்தார். “பாய், நீங்க வெச்ச ஆளுங்க. நீங்களே வந்து வெளிய அனுப்புங்க.”

நான் போனபோது தெருவே அடைபட்டிருந்தது. மூவரும் உள்ளே தாழ்போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கொஞ்சம் பின்னாலேயே சாச்சி ஆட்டோவில் வந்து இறங்கினார். அவர்கள் போன் செய்திருக்க வேண்டும். கூட்டம் அவரைப் பார்த்து ஒரு கணம் ஒதுங்கியது. வராந்தாவில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

“பையன இவங்க கூட்டிட்டுப் போனத யாரு பாத்தது? முன்னாடி வந்து சொல்லுங்க.”

ஒருவரும் வரவில்லை. தெருப் பெரியவர் ஒருவர் சொன்னார். “அம்மா, நீங்க எழுந்து போங்க. உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.”

“போலீசுக்குச் சொன்னீங்களா?”

“சொல்லியாச்சு.”

“அப்ப அவங்க வரட்டும். அதுவரைக்கும் நான் உக்காந்திருக்கேன்.”

என் பக்கத்தில் நின்ற ஒருவன் எல்லோரையும் பார்த்துக் கேட்டான். “யாருப்பா இவனுங்க? எந்த ஊரு, பேரு என்னா, யாருக்காச்சும் ஒண்ணு தெரியுமா?”

எனக்குத் தெரியும். மூன்று பெயரும், மூன்று ஊரும், ஜுமாவின் தங்கைகளின் படிப்பும் தெரியும். சொன்னால் இவர்களை இங்கே கொண்டுவந்து வைத்தவன் நான்தான் என்று தெரிந்துவிடும். இனி அந்தத் தெருவில் எனக்கு வீடு கிடைக்காது. வாய் திறக்கவில்லை.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து பறந்துவந்த கல் ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. சில்லு சாச்சியின் கன்னத்தில் பட்டு ரத்தம் வந்தது. அப்போதுதான் நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். “இவங்க எங்க சாச்சி. பாண்டிச்சேரி மருமக. அவனுங்க மாதிரி இல்ல. இவங்கள விட்ருங்க,” என்று கத்தினேன்.

“பாய் சொல்றாருப்பா, வழி வுடு,” என்று குரல்கள் கேட்டன. மரியாதையாகவே வழிவிட்டார்கள்.

சாச்சி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னிடம் சொல்வதுபோலக் கூட்டம் முழுவதற்கும் கேட்கும்படி சொன்னார். “நாங்க இங்க நாலு பேரு இருக்கோம் தம்பி.”

அவர் கையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அவரைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அப்போது மனதில் ஓடியது. ஆட்டோவில் ஏற்றி நானும் உட்கார்ந்து, போகச் சொன்னேன். தெருமுனை திரும்பும்போது பின்னால் கதவு உடைகிற சத்தம் கேட்டது. சாச்சி திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

பையன் சிநேகிதன் வீட்டில் செல்போனில் விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். போலீஸ் அவனைக் கூட்டிவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஹாஷிமுக்குக் கை முறிந்திருந்தது. பாப்டிஸ்டுக்கு நெற்றியில் தையல். ஜுமா மொட்டைமாடி வழியாகக் குதித்து ஓடியிருந்தான். கூட்டம் கலைந்து அவரவர் வீட்டில் சீரியல் பார்க்கப் போய்விட்டார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பையனின் தாயார் விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கூச்சத்தோடு ஒரு பை ஆப்பிளை நீட்டி, “நாங்க வேணும்னு செய்யலம்மா, மன்னிச்சிடுங்க,” என்றார். சாச்சி அவரை உட்காரவைத்து டீ கொடுத்தார். ஆப்பிளை வாங்கவில்லை. “எனக்குக் கன்னத்துல கீறல்தான். ஆஸ்பத்திரில ஒருத்தன் இருக்கான். அவன்கிட்ட போய்ச் சொல்லுங்க. வாங்க, நானும் வரேன்,” என்று கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெண் போனார், ஹாஷிமின் கட்டிலருகே நின்று அழுதார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் போகவில்லை. வேலை இருந்தது என்று சொல்லிக்கொண்டேன். ஹாஷிம் படிப்பை முடிக்காமலே ஊர் திரும்பினான்.

ஜுமாவையும் பாப்டிஸ்டையும் சாச்சி மாடியில் தங்கவைத்தார். எங்கள் தெருவிலும் முணுமுணுப்பு கிளம்பியது. அத்தா ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு மெல்ல ஆரம்பித்தார். “நம்ம மார்க்கத்துல கறுப்பு வெள்ளைன்னு பேதம் கெடையாதும்மா. நபிகளோட தோழர்ல ஒருத்தரே கறுப்புதான். ஆனா தெருவுல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. நீ எத்தன வருஷம் வேணா இரு. அந்தப் பசங்க வேணாம்.”

“அந்தத் தோழருக்கும் ஒரு வீடு வேணும்ல மச்சான்?” என்றார் சாச்சி. “அவரு இன்னிக்கு லாஸ்பேட்டைல வீடு தேடி வந்தா நம்ம தம்பி எங்க கூட்டிட்டுப் போவும்?”

அத்தா கை கழுவ எழுந்தார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சாச்சி என்னிடம் வந்து, எனக்கு ஒரு வீடு பாருங்க என்றார். அவர் என்னை எப்போதும் 'நீங்க' என்றுதான் சொல்வார். மீன்காரி ஒருத்தியைத் தவிர யாரையும் ஒருமையில் அழைக்க அவர் பழகவில்லை. “உங்க பேர்ல மட்டும் எழுதிடலாம் சாச்சி,” என்றேன். “சொல்தா பென்ஷன்னா உடனே குடுப்பாங்க. பசங்க பின்னாடி வந்து சேந்துக்கட்டும்.”

“வேணாம். ஆப்பிரிக்காக்காரங்களுக்கு வீடு வேணும்னு கேளுங்க. அதான் மொத வார்த்தையா இருக்கணும்.”

நல்ல வெயிலில் இருவரும் தெருத்தெருவாக அலைந்தோம். கதவு திறக்கும், அவர் என் பக்கத்தில் நிமிர்ந்து நிற்பார், நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். முதல் வீட்டில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. “சத்தமாச் சொல்லுங்க தம்பி, அந்தம்மாவுக்குக் கேக்கல,” என்றார். சொன்னேன். வீடு ஆகிவிட்டது என்றார்கள். அடுத்த வீட்டிலும் ஆகிவிட்டது. பூட்டிக்கிடந்த வீடுகள் எல்லாம் நாங்கள் வந்து நின்றவுடன் யாருக்கோ ஆகிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு மறுப்புக்கும் அவர் நன்றி சொன்னார். நான்தான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீடு என்னால் கிடைக்கவில்லை. அந்த வைத்திக்குப்பத்து மீன்காரியின் நாத்தனாருக்குக் குருசுக்குப்பத்தில் ஒரு பழைய வீடு இருந்தது. அந்த அம்மாள் சாச்சியையும் பையன்களையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்ட கேள்வி ஒன்றுதான். “கடக்காத்து அடிக்கும், இரும்பு சாமானெல்லாம் துரு புடிக்கும். பரவால்லியா?”

எங்கள் வீட்டு மாடியைக் காலி செய்த அன்று சாச்சி அம்மாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். சண்டை போட்டுக்கொண்டு போயிருந்தால் எங்களுக்கு வசதியாக இருந்திருக்கும். பெருநாளைக்குப் பாயசம் அனுப்பினார். அக்கா பிள்ளைகளுக்குச் சட்டை தைத்து அனுப்பினார். நான் குருசுக்குப்பம் போனால் தாம்பாளத்தில் என் பக்கமாக மீனின் நடுத்துண்டைத் தள்ளிவைப்பார். அந்தச் சாயங்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. புதிதாக வந்த பையன்களிடம் என்னை அறிமுகம் செய்வார். “இவரு எங்க வீட்டுப் புள்ள. லாஸ்பேட்டைல வீடு பாத்துக் குடுக்கறவரு.” அந்தப் பையன்கள் நம்பிக்கையோடு என் நம்பரை வாங்கிக்கொள்வார்கள். பிறகு போன் செய்வார்கள். வீடு ஆகிவிட்டது என்று நான் சொல்வேன். இப்போதும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மறுபடி எப்போதாவது அந்த வீட்டில் சந்தித்தால், “பரவால்லண்ணா” என்பார்கள். அதனால் நான் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

சாச்சி போன மழைக்காலத்தில் இறந்தார். நாலைந்து நாள் காய்ச்சல், பிறகு மூச்சுத் திணறல். எனக்குத் தகவல் சொன்னது பாப்டிஸ்ட். அவன் அதற்குள் படிப்பு முடித்து இங்கேயே வேலையில் இருந்தான். சாச்சியின் உடலை, மையத்தை, எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து எடுக்கலாம் என்று அத்தா சொல்லிப் பார்த்தார். குருசுக்குப்பத்திலிருந்தே எடுப்பது என்று முடிவானது. அம்மாவும் அக்காவும் இரண்டு கென்ய மாணவிகளும் சேர்ந்து குளிப்பாட்டினார்கள். உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் வந்தது. எது எங்கள் வீட்டு அழுகை, எது அவர்கள் அழுகை என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வாசலில் எங்கெங்கிருந்தோ வந்து நின்றார்கள். பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பஸ் பிடித்து வந்த பழைய மாணவர்கள். முஸ்லிம்கள் தொழுகைக்கு வரிசையில் நின்றபோது மற்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் கைகட்டி நின்றார்கள். மீன்காரிகள் கூடையை இறக்கிவிட்டு மணலில் உட்கார்ந்திருந்தார்கள். ஜுமா தான்சானியாவிலிருந்து வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ போனைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்திருந்தார்கள்.

மையம் வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். மகன் முறையில் இருப்பவன் நான், முதல் தோள் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று அத்தா என்னை முன்னால் தள்ளினார். கால்மாட்டில் இருந்த பையன் உடனே நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நான் போய் நுழைந்தேன். மற்ற மூன்று மூலையிலும் இருந்தவர்கள் என்னைவிட ஒரு முழம் உயரம். கட்டை என் தோளுக்கு எட்டவில்லை. அவர்கள் எனக்காகக் குனிந்தால் சந்தூக்கு சாய்ந்துவிடும். நகர்ந்த பையன் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என் பின்னால் வந்து, என் தலைக்கு மேலாகக் கையை நீட்டி அந்த மூலையைத் தாங்கிக்கொண்டான்.

நான் விலகியிருக்கலாம். விலகவில்லை. கையை உயர்த்திக் கட்டையின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, கபர்ஸ்தான் வரைக்கும் கலிமா சொல்லியபடி நடந்தேன். பாரம் துளிகூட என்மேல் இல்லை. தெருவின் இரண்டு பக்கமும் கடைகளை மூடி எழுந்து நின்றவர்களுக்கு, நானும் தூக்கிக்கொண்டு போவதாகத்தான் தெரிந்திருக்கும்.